சின்ன ரயில் கிரேன் மாடல் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் மாடல் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் என்ஜின், பெட்டி, நிலையம் என்று ஒரு சுற்று வந்த பிறகு கிரேன் பக்கம் திரும்புவது வழக்கம். திரும்பியதும் பாதிப் பேர் நேராக 140 டன் விபத்து மீட்பு கிரேனில் கை வைத்து, நடுவழியில் அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். அதனால் இங்கே பேச்செல்லாம் சின்ன கிரேன்களைப் பற்றித்தான். சரக்கு யார்டு, தொழிற்சாலை, துறைமுகம், என்ஜின் ஷெட் ஆகிய இடங்களில் உழைத்த, 15 டன் வரை தூக்கக்கூடியவை. உதாரணங்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வரும். ஒட்டிச் சேர்க்கும் பாகத் தொகுப்புகளும் (கிட்) வரைபடங்களும் அங்கேதான் அதிகம். இந்திய ரயில்வேயின் பழைய நீராவி கிரேன்களில் பலவும் அங்கிருந்து கப்பலேறி வந்தவைதான்.

சின்ன கிரேன் என்றால் எவையெல்லாம் சேரும்?

முதலில், சரக்கு நிலையத்தில் ஒரே இடத்தில் நட்டுவைத்த கைக் கிரேன். ஒரு தூண், ஒரு கை, இரண்டு மூன்று பற்சக்கரம், சுற்றுவதற்குக் கைப்பிடி, சங்கிலி. அவ்வளவுதான். பிரிட்டிஷ் சரக்கு யார்டுகளில் ஒன்றரை டன்னிலிருந்து 10 டன் வரை இவை இருந்தன.

அடுத்தது சக்கரத்தில் ஓடும் கைக் கிரேன். இதற்குத் தன்னால் நகரும் சக்தி கிடையாது, என்ஜின் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு தானே நகரும் நீராவி கிரேன், அதன் வாரிசான டீசல் கிரேன். லீட்ஸ் பக்கத்தில் ராட்லி என்ற ஒரே ஊரில் தாமஸ் ஸ்மித், ஜோசப் பூத் என்று இரண்டு கிரேன் கம்பெனிகள் பக்கத்துப் பக்கத்தில் தொழில் நடத்தின. கார்லைல் நகரின் கவன்ஸ் ஷெல்டன், இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர், பாத் நகரின் ஸ்டாதர்ட் அண்ட் பிட், பெட்ஃபோர்டின் கிராஃப்டன் ஆகியவையும் இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

கடைசியாக ஒரு விநோதப் பிறவி: கிரேன் என்ஜின். சாதாரணத் தொழிற்சாலை நீராவி என்ஜினின் முதுகில் ஒரு கிரேனை ஏற்றிவிட்டிருப்பார்கள். இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் டாக்ஸ்ஃபோர்டு கப்பல் கட்டும் தளத்தில் இவை 1971 வரை வேலை பார்த்தன. மாடல் செய்ய இதைவிட அழகான பொருள் இல்லை என்பேன். ஆனால் முதல் மாடலாக இதை எடுக்காதீர்கள். என்ஜினும் ஓட வேண்டும், கிரேனும் சுழல வேண்டும் என்றால் உள்ளே மோட்டார் வைக்கவே இடம் பத்தாது.

எதிலிருந்து தொடங்கலாம்?

நட்டுவைத்த யார்டு கிரேனிலிருந்து. சக்கரம் இல்லை, கவிழும் பயம் இல்லை, மேடையில் திருகி நிறுத்திவிடலாம். கப்பி, பற்சக்கரம், கை, கொக்கி ஆகிய நான்கையும் சின்ன அளவில் செய்து பழக இதுபோதும். கெட்டுப்போனாலும் நஷ்டம் கொஞ்சம் பித்தளைத் தகடுதான்.

எந்த ஸ்கேல் நல்லது?

கிரேனுக்கென்று தனியாக ஸ்கேல் தேட வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஓடும் ரயில் எதுவோ அதுவே. இந்தியாவில் பலரிடம் இருப்பது எச்ஓ, அதாவது 1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் மாடல்கள் ஓஓ, 1:76. இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும். ஓ ஸ்கேல், பிரிட்டிஷ் கணக்கில் 1:43.5, கிரேனுக்கு மிகவும் தோதானது. பல் பல்லாகப் பற்சக்கரம் தெரியும், கையும் கண்ணும் நோகாது. 1:160 அளவான ‘என்’ (N) ஸ்கேலில் கிரேன் செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் அங்கே கயிறு தலைமுடி அளவுக்கு வந்துவிடும்.

இந்திய அகலப்பாதையை அச்சு அசலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல். 1676 மி.மீ. பாதை ஓஓ ஸ்கேலில் சரியாக 22 மி.மீ., எச்ஓவில் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைப்பதோ 16.5. பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்வதில்லை. என்ஜினில் அது பெரிதாகத் தெரியாது. கிரேன் மட்டும் ஒல்லியான காலில் நிற்பதுபோல் தோன்றும், கவிழ்வதும் சுலபமாகிவிடும்.

வரைபடம் கிடைக்காவிட்டால் அளவை எப்படிப் பிடிப்பது?

பக்கவாட்டில், கொஞ்சம் தூரத்திலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தால் போதும். சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரமோ சக்கர விட்டமோ தெரிந்தால் அதையே அளவுகோலாக வைத்து மற்றதைக் கணக்கிடலாம். கிட்ட நின்று எடுத்த படத்தில் ஜிப்பின் நுனி, அதாவது கிரேன் கையின் முனை, உண்மையைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு தடயம் கிரேன் உடம்பிலேயே இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்று ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதிலுள்ள மிகக் குறைந்த தூரமும் அதிகபட்ச தூரமும் தெரிந்தால் ஜிப் எந்தக் கோணம் முதல் எந்தக் கோணம் வரை ஏறி இறங்கும் என்று காகிதத்தில் வரைந்து பார்க்கலாம். மாடல் செய்பவர்கள் ஜிப்பை அநியாயத்துக்கு நிமிர்த்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தகட்டைப் படித்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

கிட் வாங்கிச் செய்யலாமா, முழுக்கக் கையாலேயே செய்ய வேண்டுமா?

தாராளமாகக் கிட் வாங்குங்கள். ஓஓ ஸ்கேலில் பல தலைமுறையாகச் சுற்றிவரும் ஒரு பிளாஸ்டிக் கிட் இருக்கிறது: ஏர்ஃபிக்ஸ் கம்பெனி கொண்டுவந்த 15 டன் டீசல் கிரேன். அந்த அச்சுகள் பின்னால் டேபோல் கம்பெனி கைக்குப் போயின, இன்றும் அங்கிருந்துதான் வருகிறது. மேலே சொன்ன ராட்லி ஊர் பூத் கம்பெனியின் கிரேன்தான் அதற்கு மூலம். விலை அதிகமில்லாத கிட். ஐரோப்பிய வகை வேண்டுமென்றால் ஜெர்மனியின் கிப்ரி நிறுவனத்துக்குக் கிரேன் கிட்டுகளில் நல்ல பெயர்.

கிட்டை அப்படியே ஒட்டினால் ஒரு பொம்மை கிடைக்கும். அதைக் கிரேனாக்குவது மூன்று வேலைகள்: கொக்கியை மாற்றுவது, கயிற்றை மாற்றுவது, வால்பக்கம் எடை வைப்பது. பழைய அச்சு என்பதால் ஜிப்பின் சட்டங்களும் அளவுக்குக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். மனசு கேட்காவிட்டால் அதையும் மாற்றலாம், ஆனால் முதல் மூன்றையும் முடித்துவிட்டு.

பின்னல் ஜிப்பைக் கோணாமல் செய்வது எப்படி?

நிஜ ஜிப்பின் நான்கு மூலைகளிலும் எல் வடிவ இரும்புச் சட்டம் ஓடும். நடுவில் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். 75 மி.மீ. ஆங்கிள் இரும்பு ஓஓ ஸ்கேலில் 1 மி.மீ. ஆகிவிடும். கடையில் வாங்கும் எவர்கிரீன் கம்பெனி பிளாஸ்டிக் ஆங்கிள் 1.5 மி.மீ.-இல்தான் தொடங்குகிறது. அரை மில்லி வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் ஜிப் மொத்தையாக இருக்கும். இரண்டு மெல்லிய பட்டைகளை எல் வடிவில் ஒட்டிக்கொள்வது ஒரு வழி. பித்தளைக்குப் போவது இன்னொரு வழி.

பித்தளையில் செய்வதானால், ஜிப்பின் பக்கவாட்டுப் படத்தை மாடலின் அளவிலேயே அச்சடித்து ஒரு தரை டைல்ஸ் துண்டில் ஒட்டுங்கள். டைல்ஸ் வளையாது, சூட்டையும் தாங்கும். மேல் சட்டம், கீழ்ச் சட்டம் இரண்டையும் படத்தின் மேல் டேப்பால் பிடிக்க வைத்து, குறுக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பற்றவையுங்கள். ஒரு மூட்டைச் சூடாக்கும்போது பக்கத்து மூட்டு விட்டுப்போகும். இடையில் ஈரத் துணியோ உலோக ஹேர்கிளிப்போ வைத்தால் சூடு அங்கே போகாது. இரண்டு பக்கங்களையும் அதே படத்தின் மேல்தான் செய்ய வேண்டும். பிறகு இரண்டையும் நிறுத்தி, நடுவில் அளவான மரக்கட்டையைக் கொடுத்து, மேல்பக்கப் பின்னலைப் போடுங்கள். கட்டையை உருவிவிட்டுக் கீழ்ப்பக்கத்தை முடிக்கலாம். ஜிப் நுனியை நோக்கிக் குறுகுவதால் கட்டையையும் அதே சாய்வில் சீவியிருக்க வேண்டும். இந்தக் கட்டையைச் செய்ய மெனக்கெடுவதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பின் அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் முறுக்கு இருப்பது உடனே தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சாதாரண 60/40 சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும். பெரிய மூட்டுகளுக்கு அதுவே போதும். கடைசியாக வைக்கும் சின்னப் பாகங்களுக்கு 145 டிகிரியில் உருகும் சால்டர் கிடைத்தால், முன்பு வைத்தவை கழன்றுவிடாமல் வேலை நடக்கும். வெள்ளை உலோகம் எனப்படும், குறைந்த சூட்டிலேயே உருகும் கலவையில் வார்த்த பாகங்களுக்கு 70 டிகிரி சால்டர் தனியாக உண்டு. சாதாரணச் சூட்டில் தொட்டால் பாகமே உருகி ஓடிவிடும்.

கயிறு ஏன் எப்போதும் பொய்யாகத் தெரிகிறது?

இதுதான் எல்லாரும் கேட்பது. எனக்குத் தெரிந்து கிரேன் மாடலில் இதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை. பெயின்ட் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர்கள் மன்னிப்பார்கள், ஆனால் கயிறு தொய்ந்திருந்தால் அது எதையும் தூக்காத கிரேன் என்று கண் உடனே சொல்லிவிடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நீளம் 76 மடங்கு குறைந்தால் எடை 76 மடங்கு குறைவதில்லை. 76-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் மடங்கு, அதாவது நாலு லட்சத்துக்கு மேல் குறையும். 40 டன் எடையுள்ள கிரேன் ஓஓ ஸ்கேலில் 90 கிராம்தான். கொக்கியும் கப்பியும் சேர்ந்த 200 கிலோ கொக்கிக் கட்டை அரை கிராம்கூடத் தேறாது. ஆனால் நூலின் விறைப்பும் முறுக்கும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. கடையில் உருளையில் சுற்றியிருந்த நூல் அதே வளைவோடு வந்து நிற்கும். அதை நிமிர்த்த அரை கிராம் கொக்கிக்கு ஏது பலம்? வாளி கட்டாத கிணற்றுக் கயிறுபோல் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆகவே கொக்கியில் முடிந்தவரை எடை ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைத் துண்டுகளால் கட்டை செய்து, உள்ளே தூண்டில் ஈயத்தை நசுக்கி வையுங்கள். தூண்டிலுக்கு விற்கும் டங்ஸ்டன் மணி கிடைத்தால் இன்னும் நல்லது. ஈயத்தைவிட அது ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். இத்தனை செய்தாலும் ஓஓ ஸ்கேலில் ஒரு கிராமைத் தொடுவது கஷ்டம். கொக்கி நான்கு கயிறுகளில் தொங்கினால் ஒவ்வொன்றுக்கும் கால் கிராம்தான் வரும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் தீர்வு இரண்டு. ஒன்று, கொக்கியில் ஏதாவது சரக்கைத் தொங்க விடுவது. மரப்பெட்டி, இரும்புத் தூண் கட்டு, என்ஜின் சக்கர ஜோடி என்று எதையாவது செய்து, உள்ளே ஈயத்தை நிரப்புங்கள். பத்து கிராம் கனம் தொங்கினால் எந்த நூலும் விறைத்துக்கொண்டு நிற்கும். கிரேன் வேலை செய்கிற காட்சியும் கிடைத்துவிடும்.

மற்றது, நூலையே விட்டுவிட்டுக் கம்பிக்குப் போவது. 19 மி.மீ. எஃகுக் கயிறு ஓஓ ஸ்கேலில் கால் மில்லி. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 33 கேஜ் செம்புக் கம்பி கேளுங்கள். அது கிட்டத்தட்ட அதே கால் மில்லி. ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் கொறட்டால் பிடித்து நிதானமாக இழுங்கள். ஒரு கட்டத்தில் கம்பி கையில் லேசாக நீள்வது தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். வளைவு, நெளிவு எல்லாம் போய், மேசையில் வைத்தால் அளவுகோலோடு ஒட்டிக் கிடக்கும். அதைத் துண்டாக வெட்டிக் கப்பிக்கும் கொக்கிக்கும் இடையில் வைத்தால் எந்த எடையும் இல்லாமலே கயிறு நேராக நிற்கும். ஆனால் அதன் பிறகு கொக்கியை ஏற்றி இறக்க முடியாது. காட்சிக்கு வைக்கும் கிரேனுக்குக் கம்பி, இயங்கும் கிரேனுக்கு நூல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த நூல், என்ன நிறம்?

பருத்தி நூலில் பிசிறு இருக்கும். பிசிறு ஸ்கேலுக்குச் சுருங்காது, கயிற்றில் முடி முளைத்ததுபோல் தெரியும். பாலியெஸ்டர் தையல் நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்து, விரல்களுக்கு இடையில் உருவினால் பிசிறு படிந்துவிடும். மீன்பிடி நரம்பு வேண்டாம். மினுங்கும், சுருண்டுகொள்ளும். எலாஸ்டிக் நூல் சிலருக்குப் பிடிக்கும். ஜிப்பை ஏற்றி இறக்கும்போது அது தானே நீண்டு சுருங்கும் என்பதால் ஜிப்பைத் தாங்கும் கயிற்றுக்கு ஒத்துவரும். கொக்கிக் கயிற்றுக்குப் போட்டால் கொக்கியை மேலே இழுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: எஃகுக் கயிறு கருப்பு இல்லை, வெள்ளியும் இல்லை. கிரீஸ் பூசிப் பூசி அழுக்கேறிய ஒரு பழுப்புச் சாம்பல். கரும்பழுப்பு நூலை எடுத்து, பென்சில் முனைத் தூளை விரலால் தேய்த்துவிட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கயிறு எப்போதுமே நேராகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. நல்ல கேள்வி. ஜிப்பைத் தாழ்த்தி, முன்னால் ஓடும் துணை வண்டியின் தாங்கியில் படுக்க வைத்து ரயிலோடு போகும்போது, ஜிப்பைத் தாங்கும் கயிற்றுக்கு வேலையே இல்லை. அப்போது அது தொய்ந்துதான் கிடக்கும். அந்த நிலையில் விறைப்பாகக் காட்டினால் அதுதான் தப்பு. சரி, எந்த நிலையைக் காட்டப்போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் நூலா கம்பியா என்ற கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

கயிறு சுற்றும் உருளையான டிரம்மையும் கவனியுங்கள். கொக்கி மேலே ஏறியிருந்தால் டிரம்மில் நிறையச் சுற்று இருக்கும், இறங்கியிருந்தால் குறைவு. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருக்க வேண்டும். கொக்கியை ஜிப் நுனிவரை ஏற்றிவிட்டு டிரம்மைக் காலியாக விட்ட மாடல்களை நிறையவே பார்க்கலாம்.

கப்பி செய்ய லேத் வேண்டுமா?

லேத் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பெரிய வட்டம் இரண்டும், கொஞ்சம் தடித்த தாளில் சின்ன வட்டம் ஒன்றும் பஞ்ச் செய்து, சின்னதை நடுவில் வைத்து ஒட்டினால் பள்ளத்தோடு கப்பி தயார். கப்பியின் விட்டம் கயிற்றைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சின்னதாக இருந்தால் நிஜக் கயிறு வளைந்து வளைந்து இழை அறுந்துவிடும். கால் மில்லி கயிற்றுக்கு 5 மி.மீ. கப்பி. கிட்டுகளில் 3 மி.மீ. பொட்டு ஒன்றைக் கப்பி என்று தருவார்கள்.

பற்சக்கரத்துக்குக் கைக்கடிகார ரிப்பேர் கடைதான் புதையல். பழைய சாவிக் கடிகாரங்களின் சக்கரங்களைச் சில்லறைக்குக் கொடுப்பார்கள். கடிகாரப் பற்கள் கிரேன் பற்களைவிடக் கூர்மையாக இருக்கும், பெயின்ட் அடித்தால் தெரியாது.

கிரேன் கவிழ்ந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

நிஜ கிரேனுக்கும் அதே பயம்தான். கணக்கைப் பாருங்கள். ஸ்டாண்டர்டு பாதையில், அதாவது பிரிட்டனின் வழக்கமான பாதையில், கிரேனின் நடுவிலிருந்து ஒரு பக்கத் தண்டவாளம் முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. 25 டன் கிரேன் பக்கவாட்டில் திரும்பி, நடுவிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் 5 டன்னைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்திலிருந்து சுமை நாலேகால் மீட்டர் (5-இல் முக்கால் போக) வெளியே இருக்கிறது, ஆக கவிழ்க்கும் பக்கம் 5-ஐ நாலேகாலால் பெருக்கினால் 21 சொச்சம். தாங்கும் பக்கம் 25-ஐ முக்காலால் பெருக்கினால் 19 கூட வராது. வால்பக்கம் எதிர் எடை இருந்து கிரேனின் கனத்தைப் பின்னுக்குத் தள்ளாவிட்டால் அது விழுந்தே தீரும். எதிர் எடையை ஒரேயடியாகக் கூட்டவும் முடியாது. சுமை இல்லாதபோது பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால்தான் கனமாகத் தூக்கும்போது பக்கவாட்டில் உத்தரங்களை இழுத்து, கீழே கட்டை கொடுத்து முட்டு நிறுத்துகிறார்கள்.

நீராவி கிரேனில் நின்ற வாக்கில் இருக்கும் பாய்லரை வால்பக்கம் வைத்ததும் இதற்குத்தான். கொதிகலனும் தண்ணீரும் எதிர் எடையாக வேலை பார்க்கின்றன. கைக் கிரேன்களில் இரும்புப் பெட்டி ஒன்று வாலில் முன்னும் பின்னும் நகரும். தூக்கும்போது பின்னால் தள்ளுவார்கள், பயணத்தின்போது உள்ளே இழுத்துவிடுவார்கள். உங்கள் மாடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்பப் பெட்டியை வையுங்கள்.

மாடலில் இரண்டு இடத்தில் எடை வைக்க வேண்டும். ஒன்று கீழே சேசிஸில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. இன்னொன்று வாலில். ஈயத்தை ஒட்ட மரப்பசை, ஃபெவிகால் வகையறா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமிலத்தால் ஈயம் வெள்ளையாகப் பூத்து ஊதி, சில வருடங்களில் பிளாஸ்டிக்கையே பிளந்துவிடும். அரால்டைட் போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

வளைவில் கிரேனும் துணை வண்டியும் தடம் புரள்கின்றன. ஏன்?

ஜிப்பைத் துணை வண்டியின் தாங்கியில் நீங்கள் ஒட்டியோ கட்டியோ வைத்திருப்பீர்கள். வளைவில் இரண்டு வண்டியும் வேறு வேறு திசை பார்க்கும், ஜிப் நுனி பக்கவாட்டில் நகர வேண்டும். ஆகவே தாங்கியில் அது படுத்திருக்கலாம், பிணைந்திருக்கக் கூடாது. தாங்கியைச் சற்று அகலமாகச் செய்து வழவழப்பாக்கிவிடுங்கள். துணை வண்டியிலும் எடை சேருங்கள். வெறும் பிளாஸ்டிக் வண்டியை ஜிப் தள்ளிவிடும்.

மோட்டார் போட்டு இயக்க முடியுமா?

முடியும். ஓ ஸ்கேலில் சுகமாக, ஓஓவில் பொறுமையோடு. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் என்20 கியர் மோட்டார் ஓ ஸ்கேல் கிரேன் உடம்புக்குள் அடங்கும். ஓஓவுக்குக் கேமரா லென்ஸை நகர்த்தும் குட்டி ஸ்டெப்பர் மோட்டார்தான் வழி. திருகுபோன்ற பல்லுள்ள வார்ம் கியர் வழியாக இணைத்தால் மின்சாரத்தை நிறுத்தியதும் கொக்கி அப்படியே நிற்கும், சுமை தானாக இறங்காது. சுழற்சிக்கு வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அழகு. சர்வோ மோட்டாரை நேராகப் போட்டால் ஜிப் ஈ விரட்டுவதுபோல் வெட்டி வெட்டித் திரும்பும்.

என்னைக் கேட்டால், முதலில் சுழற்சிக்கு மட்டும் மோட்டார். கொக்கி ஏறி இறங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கயிறு தொய்வது, டிரம்மில் சிக்குவது என்று எல்லாத் தலைவலியும் அங்கேதான்.

3டி பிரின்ட் எடுத்தால் என்ன?

பாய்லர், கேபின், எதிர் எடை, பற்சக்கரம் ஆகியவற்றை ரெசின் பிரின்ட்டில் எடுக்கலாம், பிரமாதமாக வரும். ஜிப்புக்கு மட்டும் வேண்டாம். அரை மில்லி ரெசின் சட்டங்கள் ஒடியும். ஒடியாவிட்டால் வெயில் காலத்தில் மெல்ல வளையும். பிளாஸ்டிக் இழையில் அடிக்கும் சாதாரணப் பிரின்டர் இந்த ஸ்கேலின் பின்னலுக்குச் சரிப்படாது.

ஆணித் தலைகளை எப்படிக் காட்டுவது?

பழைய கிரேன் என்றாலே ரிவெட்தான். மெல்லிய தகட்டின் பின்பக்கம் ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும். அளவுகோலை ஓரமாகப் பிடித்து ஒரு மில்லிக்கு ஒன்று என்று குத்துங்கள். வரிசை கோணினால் அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பதே நல்லது. ரெசின் ரிவெட் பதித்த ஒட்டுத்தாள்களும் வெளிநாட்டில் விற்கிறார்கள், விலைதான் கசக்கும்.

என்ன நிறம் அடிப்பது?

பிரிட்டிஷ் ரயில்வேயின் மீட்பு கிரேன்கள் முதலில் கருப்பு, பிறகு சிவப்பு, அப்புறம் மஞ்சள் என்று மாறின. தொழிற்சாலை கிரேனுக்கு முதலாளி வைத்ததே சட்டம். சாம்பல், பச்சை, சிவப்பு எதுவும் செல்லும். எந்த நிறமானாலும் அழுக்கு எங்கே சேரும் என்பதுதான் முக்கியம். நீராவி கிரேன் என்றால் கூரையில் கரி, பாய்லர் அடியில் சாம்பல், பற்சக்கரத்தைச் சுற்றிக் கருப்பாகத் தெறித்த கிரீஸ். பற்களுக்குத் துரு நிறம் அடிக்காதீர்கள். ஓடுகிற பல் துருப்பிடிக்காது, தேய்ந்து பளபளக்கும். கொக்கியின் உள்வளைவும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் பொருள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் பித்தளைத் தகடும் கம்பியும் பாரிமுனைப் பக்கம், மோட்டாரும் வயரும் ரிச்சி தெரு. மற்ற ஊர்களில் பாத்திரப் பட்டறை, காயில் கட்டும் கடை, தூண்டில் விற்கும் கடை மூன்றையும் சுற்றினால் பாதிச் சாமான் சேர்ந்துவிடும். மெல்லிய சங்கிலிக்கு வெள்ளி நகை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கைக் கிரேனுக்கு ஒரு சாண் போதும். சக்கரமும் மாடலிங் பிளாஸ்டிக் ஆங்கிளும் மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

இந்திய கிரேன் மாடல் செய்ய ஆசை. எதை எடுக்கலாம்?

இன்றைக்கு மீட்பு ரயிலில் போகும் 140 டன் கிரேனுக்கு மூலம் ஜெர்மனியின் காட்வால்ட் கம்பெனி. 1862-இல் தொடங்கிய, பீகாரின் ஜமால்பூர் ரயில் பணிமனையிலும் அந்த ரகத்தைக் கட்டுகிறார்கள். அழகுதான், ஆனால் தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்காக இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

அதற்குப் பதில் தெருவில் தினமும் பார்க்கிற, டயரில் ஓடும் ஹைட்ரா கிரேனைச் செய்யலாமே? எஸ்கார்ட்ஸ் கம்பெனி வைத்த பெயர், இப்போது எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஹைட்ராதான். அதன் பூம், அதாவது கை, தனியாகச் சுழலாது, வண்டியேதான் திரும்ப வேண்டும். மாடல் செய்பவருக்கு இது பெரிய வசதி. பின்னல் ஜிப் கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பெட்டிக் குழாய்கள்தான். பிளாஸ்டிக் தாளில் ஒரு மாலையில் மடக்கிவிடலாம். அளவெடுக்க இங்கிலாந்து போக வேண்டாம். எங்காவது ஓரமாக நிறுத்தியிருப்பார்கள், டிரைவரிடம் சொல்லிவிட்டு டேப்பைப் பிடித்தால் போதும். சரக்கு யார்டில் ஒரு வேகன் பக்கத்தில் நிறுத்தி, பூமிலிருந்து பட்டைக் கயிற்றில் ஒரு டிரான்ஸ்பார்மரைத் தொங்க விட்டு, அது ஆடாமல் இருக்க ஒரு ஆளைக் கயிற்றோடு பக்கத்தில் நிற்க வையுங்கள். டிரான்ஸ்பார்மருக்குள் ஈயம் போட மறக்க வேண்டாம்.